பூவின் பெயரை மறக்காத சிறுவன்

தமிழ்த் தாத்தா உ. வே. சாமிநாத ஐயர் தம் வாழ்க்கைக் கதையைச் சொல்லத் தொடங்கியபோது அவருக்கு வயது 84. 1940 ஜனவரியிலிருந்து அது ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்தது. எழுபது ஆண்டுகளுக்கு முன் தாம் குடியிருந்த ஊர், பாடம் சொன்ன ஆசிரியர், பாடிய பாட்டு, பசிக்குச் சோறு போட்ட வீடு, எல்லாவற்றையும் அதில் சொல்லியிருக்கிறார்.

இத்தனையும் எப்படி மனத்தில் தங்கியது? மருந்தா, மந்திரமா? இரண்டும் இல்லை. எல்லாம் தினசரிப் பழக்கம்தான்.

இரவு படித்தது காலையில் மறந்துபோகிறதே என்று பிள்ளையைக் கடிந்துகொள்ளாத வீடு உண்டா? நெய்வேலி நகரியத்திலும் அந்தக் குரல் கேட்கும். அப்படிப்பட்ட பெற்றோர் இந்தக் கதையைக் கொஞ்சம் கேட்க வேண்டும்.

திண்ணைப் பள்ளிக்கூடம்

சாமிநாதன் பிறந்தது 1855 பிப்ரவரி 19. சொந்த ஊர் தஞ்சைச் சீமையில் உள்ள உத்தமதானபுரம். தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். வித்தை இருந்தது, காசு இல்லை. பிழைப்புக்காக ஊர் ஊராகப் போனது அந்தக் குடும்பம்.

அக்காலத்துத் திண்ணைப் பள்ளிக்கூடத்தில் ஒரு வழக்கம் இருந்தது. மாலையில் வீட்டுக்குப் புறப்படும் பிள்ளைகளுக்கு உபாத்தியாயர் ஒரு பூவின் பெயர், ஒரு மிருகத்தின் பெயர், ஓர் ஊரின் பெயர் என்று சொல்லி அனுப்புவார். மறுநாள் காலையில் அவற்றை மறக்காமல் சொல்ல வேண்டும். ஏட்டில் எழுதிவைப்பதற்கில்லை. மனத்தில்தான் சுமந்து வர வேண்டும்.

பார்ப்பதற்கு விளையாட்டு. ஆனால் நடுவில் ஓர் இரவு இருக்கிறது. நல்ல தூக்கம் இருக்கிறது. காலையில் தானாகவே நினைத்துப் பார்த்துச் சொல்லும் முயற்சியும் இருக்கிறது. நினைவு வலுப்பட இந்த இரண்டும் வேண்டும் என்று இன்றைய ஆராய்ச்சியாளர்களும் சொல்கிறார்கள். பரீட்சைக்கு முந்திய இரவு கண் விழிக்கும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதற்குக் காசு செலவில்லை. இரவு ஷிப்டுக்குப் புறப்படும் அப்பா, வாசலில் நின்று மூன்று பெயர்களைச் சொல்லிவிட்டுப் போகலாம். காலையில் திரும்பி வந்ததும் கேட்கலாம்.

வாய்விட்டுப் படித்தார்

1871ஆம் ஆண்டில், பதினாறு வயதில், மாயூரத்தில் இருந்த மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். பிள்ளையவர்கள் புதுப் பாட்டுகளை வாயால் சொல்லிக்கொண்டே போவார். பக்கத்தில் இருப்பவர் ஏட்டில் எழுதுவார். அத்தனை பெரிய நினைவாற்றல் அவருக்கு.

சாமிநாதன் பாட்டை வாய்விட்டு, ராகத்தோடு படித்தார். தாம் கற்றதைப் பிறகு தம்மைவிட இளையவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார். பிறருக்குச் சொல்லும்போதுதான் நமக்கு எது தெரியாது என்பது தெரியும்! 1876இல் ஆசிரியர் மறையும்வரை இந்தப் படிப்பு நடந்தது.

1880இல் கும்பகோணம் கல்லூரியில் வேலை கிடைத்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21, வியாழக்கிழமை. சேலம் இராமசுவாமி முதலியார் என்ற முன்சீபைப் பார்க்கப் போனார். என்னென்ன நூல் படித்திருக்கிறீர் என்று முதலியார் கேட்டார். ஐயர் அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கிக்கொண்டே போனார். நீளமான பட்டியல். முதலியார் முகத்தில் வியப்பே இல்லை! இவற்றுக்கெல்லாம் முந்திய சீவக சிந்தாமணியைப் படித்ததுண்டா என்று கேட்டார். ஐயர் படித்ததில்லை.

அந்தக் கேள்விதான் அவர் வாழ்க்கையைத் திருப்பியது.

ஏட்டில் புள்ளி இல்லை

சிந்தாமணி அப்போது ஓலைச்சுவடியில் கிடந்தது. சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி கிடையாது. ஒரு பாட்டு எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்பதும் எளிதில் தெரியாது. பல ஏடுகளைச் செல் அரித்திருந்தது. உரையாசிரியர் நச்சினார்க்கினியர் எத்தனையோ பழைய பாட்டுகளை எடுத்துக்காட்டுவார். பல இடங்களில் நூலின் பெயரைச் சொல்லமாட்டார். அது எந்த நூல் என்று யாரிடம் கேட்பது? அகராதியில் தேட முடியாது. தலைக்குள் நூலை வைத்திருப்பவனால்தான் அடையாளம் காண முடியும்.

சிறு வயதில் பூவின் பெயரைச் சுமந்த மனம் இங்கே கைகொடுத்தது. ஓர் ஏட்டில் கண்ட அடியை வேறோர் ஏட்டில் கண்டதும் இன்னது என்று தெரிந்துகொண்டார். 1887இல் சிந்தாமணி அச்சில் வந்தது. 1889இல் பத்துப்பாட்டு, 1892இல் சிலப்பதிகாரம், 1894இல் புறநானூறு, 1898இல் மணிமேகலை. அந்த ஏடுகள் இன்னும் சில காலம் கிடந்திருந்தால் செல்லுக்கு இரையாகியிருக்கும்.

இவ்வளவு நினைவு இருந்தும் ஐயர் நினைவை மட்டும் நம்பவில்லை. இதுதான் எனக்கு மிகவும் பிடித்த விஷயம். படிக்கும்போதே குறிப்பு எழுதினார். அரிய சொற்களை அகர வரிசையில் தொகுத்துத் தம் பதிப்புகளில் சேர்த்தார். தமக்கு வந்த கடிதங்களை எறியாமல் சேர்த்து வைத்தார். அவை ஆயிரக்கணக்கில் இருந்தன.

1942இல், யுத்த காலத்தில், சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றத்துக்குப் போய்த் தங்கினார். ஏப்ரல் 28இல் அங்கேயே காலமானார். வாழ்க்கைக் கதை 122 அத்தியாயங்களோடு, 1899ஆம் ஆண்டு நிகழ்ச்சிகளோடு நின்றுவிட்டது. அவர் சேர்த்த சுவடிகளும் குறிப்புகளும் கடிதங்களும், 1943இல் அவர் பெயரால் சென்னையில் தொடங்கிய நூல் நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தன.