தம்மவரையே வரைந்த ஓவியர்

பிறரைக் கேலி செய்வது எளிது. தம்மவர் குறையைத் தாமே எடுத்துக்காட்டிச் சிரிப்பது அரிது. அந்த அரிய செயலைச் செய்தவர் வங்க ஓவியர் ககனேந்திரநாத் தாகூர்.

இவர் 1867-ஆம் ஆண்டு கல்கத்தாவில் ஜோராசங்கோ இல்லத்தில் பிறந்தார். மகாகவி இரவீந்திரநாத் தாகூர் இவருக்குச் சிற்றப்பா முறை. ஓவியர் அவனீந்திரநாத் இவருடைய தம்பி. தங்கை சுனயனி தேவியோ, ஓவியப் பள்ளிக்கே செல்லாமல், இல்லறக் கடமைகளுக்கிடையே தூரிகை பிடித்துப் புகழ் பெற்றவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்த ககனேந்திரர், நடுவயதை நெருங்கிய பின்னரே ஓவியத்தில் முழுமூச்சாக ஈடுபட்டார். 1912-இல் வெளிவந்த இரவீந்திரரின் வாழ்க்கை நினைவு நூலுக்குப் படங்கள் வரைந்தவரும் இவரே.

1917-இல் இவர் தம் வீட்டிலேயே கல்லச்சுப் பொறி அமைத்தார். எண்ணெய்ப் பசையுள்ள கோலால் கல்லில் படம் வரைந்து, கல்லை நீரால் நனைத்து மை தடவினால், கோடுகளில் மட்டும் மை ஒட்டும். அதைத் தாளில் பதிப்பதே கல்லச்சு. இம்முறையில் அவருடைய கேலிச்சித்திரத் தொகுப்புகள் வெளிவந்தன. 1921-இல் மற்றொரு தொகுப்பும் வந்தது.

அன்று ஆங்கிலேயர் வங்காளிகளைப் 'பாபு' என ஏளனம் செய்த காலம். ஆங்கில ஆட்சியின் கொடுமைகளையும் ககனேந்திரர் விட்டுவைக்கவில்லை. ஆயினும் அவர் கோல் தம் மக்களை நோக்கியும் திரும்பியது. மேல்நாட்டு உடையில் மயங்கி நிலைதடுமாறும் கனவான்கள், ஏழைகளை நசுக்கும் சாதி என்னும் எந்திரக்கல், மாணவரை ஒரே அச்சில் வார்க்கும் பல்கலைக்கழக இயந்திரம் ஆகியவற்றை அவர் வரைந்தார். செல்வமும் செல்வாக்கும் மிக்க குடும்பத்தில் பிறந்தும், அக்கூட்டத்தின் பகட்டையே அவர் நகைத்தார். கடைசி ஆண்டுகளில் பக்கவாதம் அவர் பேச்சைப் பறித்தது. 1938-இல் காலமானார்.

அவர் வரலாற்றைப் படித்தபோது எங்களுக்கு நாணம் உண்டாயிற்று. சிறுசேரியில் சிப்காட் தொழிற்பூங்கா வந்தபின் பல மாநிலக் குடும்பங்கள் இங்கே குடியேறியுள்ளன. வகுப்புக்குப் புதிதாக வந்த தோழி ஒருத்தி தட்டுத்தடுமாறித் தமிழ் பேசியபோது, அதே போல் பேசிக் காட்டி நாங்கள் சிரித்தோம். அவளும் சிரித்தாள், ஆனால் மறுநாள் முதல் வாய் திறக்கவில்லை. விருந்தோம்பலைப் பற்றித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதும் நாங்கள், வாசலுக்கு வந்த விருந்தை வாட விட்டோம்.

ககனேந்திரர் தம்மவரின் செருக்கை நகைத்தார். நாங்களோ தனித்து நின்றவளை நகைத்தோம். இரண்டும் நகைப்பே, எனினும் ஒன்று திருத்தும், மற்றொன்று புண்படுத்தும். அவளிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டோம். இப்போது அவள் எங்களுக்கு வங்காளம் கற்றுத் தருகிறாள். எங்கள் உச்சரிப்பைக் கேட்டு அவள் சிரிக்கும்போது, நாங்களும் சேர்ந்து சிரிக்கிறோம்.