ஒரகடம் ரோட்டுக்கு அடியில என்ன இருக்கு தெரியுமா?

வாலாஜாபாத்ல ஏறி ஒரகடத்துக்கு கம்பெனி பஸ்ல போறவரா நீங்க? இந்த வட்டாரத்து மண்ணை 1860-களிலேயே அடுக்கடுக்காகப் படித்தவர் ராபர்ட் புரூஸ் ஃபுட்.

1834-ல் இங்கிலாந்தில் பிறந்தவர், 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தார். பாலாற்றுக்கு வடக்கே இருக்கும் பாறைகளை வரைபடமாக்கியதும் அவர்தான். ஓடை அறுத்த கரை, சரளைக்கல் குழி... அவருக்கு இதெல்லாம் திறந்த புத்தகம். இன்னிக்கு ஜேசிபி தோண்டுற குழியும் அப்படித்தான், கான்கிரீட் போடுற வரைக்கும்! ஸ்ரீபெரும்புதூர் பாறை அடுக்குகளில் இலைத் தடங்களோடு கடல் உயிரிகளின் தடங்களும் உண்டு. ஆமாங்க, கடல் அங்கே வரைக்கும் வந்திருக்கு.

1863 மே 30. பல்லாவரத்துச் சரளைக் குழியில் ஒரு கல் அவர் கண்ணில் பட்டது. அது மனுஷன் செதுக்கிய கைக்கோடரி! நாலு மாசம் கழித்து, கொசஸ்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில், வில்லியம் கிங்கோடு சேர்ந்து தேடினார். இங்கேதான் விஷயமே. கருவிகள் தரையில் மட்டும் கிடக்கல, சரளை அடுக்குக்கு உள்ளேயும் புதைஞ்சிருந்தது. மேலே கிடந்தா யாரோ பிற்காலத்தில் போட்டதுன்னு தள்ளிவிடலாம். உள்ளே இருந்தா? அந்த அடுக்கு படியும்போதே இங்கே மனுஷன் இருந்திருக்கான்னு அர்த்தம்.

எத்தனை வருஷம் முன்னாடி? அதை அளக்கும் வழி அவர் காலத்தில் இல்லை. 2011-ல் சாந்தி பப்பு குழு அத்திரம்பாக்கத்தின் அடி அடுக்குகளை ஆராய்ந்து, சுமார் 15 லட்சம் ஆண்டுகள் என்றது.

ஃபுட் 1912-ல் கல்கத்தாவில் இறந்தார். அஸ்தி ஏற்காட்டில். அவர் சேர்த்த கற்கள்? எழும்பூர் மியூசியத்தில்.