டயருக்குப் பெயர் கொடுத்த மாட்டு வைத்தியர்
பஞ்சர் ஒட்டத் தெரியாமல் தடுமாறிய டன்லப் கம்பெனியின் கதை

சைக்கிள் கடை வாசல். தகரத் தொட்டியில் பாதி தண்ணீர். கடைக்காரர் காற்றடித்த டியூபை வளைத்து வளைத்துத் தண்ணீரில் முக்குகிறார். ஓரிடத்தில் குமிழி குமிழியாகக் காற்று வருகிறது. அந்த இடத்தை விரலால் அழுத்திப் பிடித்து, துடைத்து, அரத்தால் தேய்த்து, சொலூஷன் தடவுகிறார். பழைய டியூபில் வெட்டிய ஒரு துண்டை அதன்மேல் வைத்து ஒட்டுகிறார். பத்து நிமிஷத்தில் வேலை முடிந்துவிடுகிறது.

இந்தப் பத்து நிமிஷ வேலை ஒரு காலத்தில் பல மணி நேர வேலையாக இருந்தது. காற்று டயரை உலகத்துக்குக் கொடுத்த மனிதரையே அது திணற அடித்தது. அவர் பெயர் ஜான் பாய்ட் டன்லப். டயரில் அந்தப் பெயரைப் படித்தவர்கள் கோடிக்கணக்கில் இருப்பார்கள். அது ஒரு கால்நடை டாக்டரின் பெயர் என்று அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

குதிரைகளோடு வாழ்ந்தவர்

டன்லப் 1840-ம் ஆண்டு பிப்ரவரி 5-ந் தேதி ஸ்காட்லாந்து தேசத்தில், அயர்ஷயர் ஜில்லாவில் உள்ள டிரெகார்ன் என்ற கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பத்து மாதம் நிறையும் முன்பே பிறந்துவிட்ட பிள்ளை என்று பெற்றோர் அவரிடம் அடிக்கடி சொல்லி வந்தார்கள். அதனால் தமது உடம்பு பலவீனமானது என்ற எண்ணம் அவர் மனதில் ஊறிப்போயிற்று. ஆயுள் முழுவதும் உடம்பைப் பொத்திப் பொத்திப் பாதுகாத்தார். உண்மையில் பெரிய வியாதி எதுவும் அவரை அணுகவே இல்லை!

எடின்பரோவில் கால்நடை வைத்தியம் படித்துத் தேறினார். சில ஆண்டுகள் அங்கேயே தொழில் செய்தார். 1867-ல் அயர்லாந்துக்குக் குடியேறினார். முதலில் டௌன்பாட்ரிக் என்ற ஊரில் சகோதரர் ஜேம்சோடு சேர்ந்து வைத்தியம். பிறகு பெல்பாஸ்ட் நகரில் மே தெருவில் சொந்த வைத்தியசாலை. மோட்டார் இல்லாத காலம் அது. வண்டிகள் எல்லாம் குதிரை வண்டிகள். அதனால் குதிரை டாக்டருக்கு வேலை ஓயாது. லாடம் அடிக்கும் ஆட்களே பன்னிரண்டு பேர் அவரிடம் இருந்தார்களாம். அயர்லாந்தின் பெரிய கால்நடை வைத்தியசாலைகளில் அதுவும் ஒன்று.

நாற்பத்தேழு வயது. நல்ல வருமானம். நீண்ட தாடி. ஊரில் மரியாதை. இனி எதையும் கண்டுபிடிக்க வேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஆனால் வீட்டில் ஒரு பையன் இருந்தான்.

மகன் கேட்ட வரம்

மகன் ஜானிக்கு வயது ஒன்பது. மூன்று சக்கர சைக்கிள் ஒன்று வைத்திருந்தான். அந்தக் காலத்து சைக்கிள் சக்கரத்தில் கெட்டி ரப்பர்தான் இருக்கும். காற்று இராது. பெல்பாஸ்ட் வீதிகளோ கல் பாவிய வீதிகள். ஓட்டினால் எலும்பெல்லாம் ஆட்டம் காணும். சைக்கிளைச் சுலபமாகவும் வேகமாகவும் ஓட்ட வழி செய்து தரும்படி பையன் அப்பாவை நச்சரித்தான்.

அப்பா யோசித்தார். ரப்பரைக் கையாண்டு பழக்கம் உள்ளவர். கெட்டி ரப்பருக்குப் பதிலாகக் காற்றின்மேல் சக்கரம் உருண்டால் என்ன என்று அவருக்குத் தோன்றியது.

1887-ம் ஆண்டில் வீட்டு முற்றத்தில் பரீட்சை நடந்தது. மரத்தால் ஒரு வட்டத் தட்டு செய்தார். அங்குலத்தில் முப்பத்திரண்டில் ஒரு பங்கு கனமுள்ள மெல்லிய ரப்பர் தகட்டை ஒட்டிக் குழாயாக்கினார். குழாயைத் தட்டின் விளிம்பில் சுற்றி, மேலே துணி போட்டு ஆணி அடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்பினால் காற்று ஏற்றினார். பிறகு ஜானியின் சைக்கிளில் இருந்து ஒரு சக்கரத்தைக் கழற்றி முற்றத்தில் உருட்டிவிட்டார். அது கொஞ்ச தூரம் போய்ச் சாய்ந்துவிட்டது. காற்றுக் குழாய் சுற்றிய மரத் தட்டை உருட்டினார். அது முற்றம் முழுவதும் ஓடி, கடைசியில் இருந்த கதவுத் தூணில் மோதித் திரும்பியது.

சைக்கிளின் பின்சக்கரங்கள் இரண்டுக்கும் அப்படியே காற்று டயர் போட்டார். ஒரு நாள் இரவில் ஜானி அதை வெளியே ஓட்டிப் பார்த்தான். திரும்பி வந்ததும் டயரைச் சோதித்துப் பார்த்தார்கள். ஒரு கீறல்கூட இல்லை.

சிரித்தவர்கள் வாயடைத்தார்கள்

1888-ல் டன்லப் தமது டயருக்கு உரிமைப் பட்டயம் பெற்றார். ஆனால் உலகம் உடனே அவரை நம்பிவிடவில்லை. அந்த டயர் பார்ப்பதற்குப் பருத்து, வீங்கிய கால் போல இருந்தது. கண்டவர்கள் சிரித்தார்கள்.

சிரிப்பை அடக்கியவர் வில்லி ஹியூம் என்ற பெல்பாஸ்ட் சைக்கிள் வீரர். 1889-ம் ஆண்டு மே 18-ந் தேதி பெல்பாஸ்ட் குயின்ஸ் காலேஜ் விளையாட்டு விழாவில் அவர் காற்று டயர் பூட்டிய சைக்கிளில் வந்தார். கலந்துகொண்ட நான்கு பந்தயங்களிலும் அவருக்கே வெற்றி! பிறகு இங்கிலாந்தில் லிவர்பூலுக்குப் போய் அங்கேயும் வெற்றிகளைக் குவித்தார்.

அவரிடம் தோற்றவர்களில் டப்ளின் நகர வியாபாரி ஹார்வி டு கிராஸ் என்பவரின் புதல்வர்களும் இருந்தார்கள். மக்கள் தோற்றதில் தகப்பனார் வருத்தப்பட்டு உட்கார்ந்துவிடவில்லை. தோற்கடித்த டயரைத் தேடிப் போனார். 1889 முடிவதற்குள் டன்லப்பையும் சேர்த்துக்கொண்டு டயர் கம்பெனி தொடங்கிவிட்டார்.

இரண்டு இடி

இனி லட்சம் லட்சமாகப் பணம் கொட்டும் என்றுதானே நினைப்பீர்கள்? கம்பெனியின் தலையில் இரண்டு இடி விழுந்தது.

முதல் இடி பட்டயத்தில். டன்லப் பிறந்து ஐந்தே வருஷங்கள் ஆகியிருந்த 1845-ம் ஆண்டில், ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற வேறொரு ஸ்காட்லாந்துக்காரர் காற்றடைத்த சக்கரத்துக்குப் பட்டயம் வாங்கியிருந்தார். குதிரை வண்டிக்கு அதைப் பூட்டி லண்டன் பூங்காவில் ஓட்டியும் காட்டியிருந்தார். ஆனால் அப்போது சைக்கிளும் இல்லை, மோட்டாரும் இல்லை. மெல்லிய ரப்பருக்கும் கிராக்கி. வாங்குவாரின்றி அந்தக் கண்டுபிடிப்பு மறக்கப்பட்டுவிட்டது. டன்லப்புக்கு அதைப் பற்றி ஒன்றுமே தெரியாது. பட்டயம் செல்லாது என்ற செய்தி வந்தபோது அவர் மனம் என்ன பாடுபட்டிருக்கும்! அவர் யாருடைய கருத்தையும் திருடவில்லை. இருந்தாலும் சட்டத்தின் கண்ணில் அவர் இரண்டாவது ஆள்.

இரண்டாவது இடி பஞ்சர். டன்லப் செய்த டயரில் டியூப் தனியாக வெளியே வராது. டியூபைத் துணியால் மூடி, அந்தத் துணியைச் சக்கரத்தின் வளையத்தோடு சேர்த்துச் சுற்றி ஒட்டியிருப்பார்கள். அதற்குமேல் தடித்த ரப்பர். வழியில் ஒரு முள் குத்தினால் போதும். மேல் ரப்பரை உரித்து, ஒட்டிய துணியைப் பிரித்து, ஓட்டையைத் தேடி அடைத்து, மறுபடி எல்லாவற்றையும் ஒட்டி உலர வைக்க வேண்டும். அன்றைய பயணம் அதோடு சரி. குதிரையின் காலில் ஆணி ஏறினால் எடுத்து மருந்து போடத் தெரிந்த டாக்டருக்கு, தமது டயரில் ஏறிய ஆணிக்குச் சுலபமான சிகிச்சை தெரியவில்லை!

மருந்து கண்டவர்கள்

அந்த மருந்தை வேறு இருவர் கண்டார்கள். 1890-ல் சார்லஸ் வெல்ச் என்ற இங்கிலாந்துக்காரர் டயரின் இரண்டு ஓரங்களிலும் கம்பி வைத்தார். சக்கர வளையத்தைப் பள்ளமாக அமைத்து, கம்பி அதில் உட்காரும்படி செய்தார். அதே வருஷத்தில் வில்லியம் பார்ட்லெட் என்பவர் டயர் ஓரத்தைத் தடித்த உதடாக்கி, வளையத்தின் மடிப்புக்குள் மாட்டும் முறையைக் கண்டுபிடித்தார். இரண்டிலும் டயரைக் கழற்றலாம், டியூபை உருவலாம், ஒட்டலாம், மாட்டலாம்.

டன்லப்பின் பட்டயம் போன பிறகு கம்பெனியைக் காப்பாற்றியவை இந்த இரண்டும்தான். டு கிராஸ் இரண்டு உரிமைகளையும் கம்பெனிக்கு வாங்கிப் போட்டார். சைக்கிள் கடைக்காரர் லீவர் கொடுத்து நெம்பும்போது கையில் தட்டுப்படுகிறதே ஓரக் கம்பி, அது வெல்ச் வைத்த கம்பியின் வாரிசு.

1891-ல் சார்லஸ் உட்ஸ் என்பவர் ஒரு வால்வு செய்தார். உள்ளே ஒரு சிறு ரப்பர் குழாய் மாட்டியிருக்கும். பம்பு அடிக்கும்போது காற்று அந்த ரப்பரைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகும். திரும்பி வரப் பார்த்தால் ரப்பர் துவாரத்தை இறுக்கிக்கொள்ளும். நம் ஊர் சைக்கிள்களில் இருப்பது இதுதான். காற்று இறங்கினால் முதலில் வால்வு டியூபைப் பார் என்று பெரியவர்கள் சொல்வதன் காரணமும் இதுதான். பாதி பஞ்சர்கள் பஞ்சரே அல்ல.

ஒட்டும் விஷயத்தில் ஒரு வார்த்தை. டியூபைத் தேய்ப்பது அழுக்குப் போக மட்டும் அல்ல. ரப்பரின் மேல்தோல் வழவழப்பாக இருந்தால் சொலூஷன் பிடிக்காது. சொலூஷன் என்பதே எளிதில் ஆவியாகும் திரவத்தில் கரைத்த ரப்பர். அந்தத் திரவம் ஆவியாகிப் போகும்வரை பொறுத்திருந்து பிறகு துண்டை வைக்க வேண்டும். கல்லூரி நாட்களில் நான் பரீட்சைக்கு நேரமாகிவிட்டது என்று ஈரத்தோடு வைத்து ஒட்டினேன். பாதி வழியில் டயர் தரையைத் தொட்டுவிட்டது. மீதி வழி, சைக்கிள் என்னோடு நடந்து வந்தது.

ஒட்டுக்குமேல் ஒட்டுப் போட்டு இனி முடியாது என்றான பிறகும் டியூபுக்கு நம்மிடம் ஓய்வு கிடையாது. நீளமாகக் கிழித்தால் கேரியரில் மூட்டை கட்டும் கயிறு. கொஞ்சம் வெட்டினால் பையன்களின் உண்டிவில். இன்னும் சிறிதாக வெட்டினால் அடுத்த டியூபுக்கு ஒட்டு!

பணம் யாருக்கு?

டன்லப் 1890-களின் தொடக்கத்தில் வைத்தியத்தை விட்டு டப்ளினுக்குக் குடிபோனார். ஆனால் கம்பெனியில் அவர் மனம் ஒட்டவில்லை. 1895-ல் விலகிக்கொண்டார். மறு ஆண்டே, 1896-ல், ஹூலி என்ற பணமுதலை அந்தக் கம்பெனியை 30 லட்சம் பவுனுக்கு வாங்கி, 50 லட்சம் பவுனுக்குப் பொதுமக்களுக்கு விற்றார். சைக்கிள் மோகம் உச்சியில் இருந்த சமயம். அந்த அறுவடையில் டன்லப்புக்குப் பெரும் பங்கு இல்லை. அவர் வறுமையில் வாடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். டப்ளினில் ஒரு ஜவுளிக் கம்பெனியின் தலைவராக இருந்து கௌரவமாகவே வாழ்ந்தார்.

ஒரு குறை மட்டும் அவரை வாட்டியது. பெயரும் தாடியும் அவருடையவை, டயர் வேறு ஒருவருடையது! கம்பெனி விளம்பரங்களில் அவரை உயரமான தொப்பியும் கைத்தடியுமாக ஒரு மைனர் போலப் படம் போட்டார்கள். வாழ்நாள் முழுவதும் எளிமையாக உடுத்திய மனிதர் கோபம் கொண்டு, தம் பெயர் தாங்கிய கம்பெனி மீதே வழக்குத் தொடர்ந்தார்.

1921-ம் ஆண்டு அக்டோபர் 23-ந் தேதி, லேசான ஜலதோஷத்தில் தொடங்கி எதிர்பாராத விதமாக டன்லப் காலமானார். பலவீனமான உடம்பு என்று பயந்தவருக்கு அப்போது வயது 81. காற்று டயரின் வரலாற்றை அவரே எழுதி வைத்திருந்தார். அவர் மறைந்த பிறகு மகள் ஜீன் அதைப் புத்தகமாக வெளியிட்டார். பின்னாளில் வட அயர்லாந்து வங்கி ஒன்று தனது பத்து பவுன் நோட்டில் அவர் முகத்தை அச்சடித்தது. அதில் தொப்பியும் இல்லை, கைத்தடியும் இல்லை. தாடி மட்டும் இருந்தது.