நடந்தே வளர்த்த இல்லம்

மகாராஷ்டிரத்தின் கொங்கணக் கடற்கரையில் உள்ள முருட் என்ற சிற்றூரில், எளிய குடும்பத்தில் வளர்ந்தவர் தோண்டோ கேசவ கார்வே. 1858 ஏப்ரல் 18-ஆம் நாள் பிறந்தவர். பள்ளிப் பருவத்தில் ஒரு தேர்வு எழுதுவதற்காக, மலைகளைக் கடந்து சதாரா நகருக்கு நடந்தே சென்றார். உருவத்தில் மிகச் சிறியவராகத் தோன்றியதால் அனுமதி மறுக்கப்பட்டது. சோர்ந்துவிடாமல் ஊர் திரும்பிப் படிப்பைத் தொடர்ந்தார். அந்தப் பொறுமையே பின்னாளில் அவரது தவமாயிற்று.

1891-இல் புனே ஃபெர்குசன் கல்லூரியில் கணித ஆசிரியரானார். அதே ஆண்டு அவரது மனைவி ராதாபாய் காலமானார். அக்காலத்தில் மனைவியை இழந்த ஆண், ஒரு சிறுமியை மணப்பது வழக்கம். கணவனை இழந்த சிறுமிக்கோ மறுவாழ்வே இல்லை. இந்த அநீதிக்குத் துணைபோகக் கார்வேயின் மனம் ஒப்பவில்லை. 1893-இல் பால்ய விதவையான கோதுபாயை மணந்தார். ஆனந்திபாய் என்று புதுப்பெயர் பெற்ற அந்த அம்மையார், கணவரின் பணிகளுக்கு உற்ற துணையானார். முருட் கிராமமோ கார்வேயை ஒதுக்கி வைத்தது. தாய் வாழ்ந்த ஊரிலேயே மகன் அந்நியரானார்.

அவர் எவரையும் வெறுக்கவில்லை. ஒரு திருமணத்தால் ஒருத்தியின் துயர் தீரலாம். எண்ணற்ற மற்றவர்களுக்கு வழி என்ன என்று சிந்தித்தார். கல்வி தந்து சொந்தக் காலில் நிற்கச் செய்வதே வழி எனத் தெளிந்தார். 1896-இல் அநாத பாலிகாஷ்ரமம் என்ற அமைப்பைத் தொடங்கினார்.

1900-இல் இல்லம், புனேக்கு வெளியே ஹிங்கணே என்ற இடத்தில் ஒரு குடிசைக்கு மாறியது. பகலில் கல்லூரியில் பாடம் நடத்திய கார்வே, மாலையில் சில மைல் தொலைவு நடந்து அங்கே செல்வார். மழையோ சேறோ அவரைத் தடுக்கவில்லை. இல்லத்துப் பெண்களுக்குப் பாடம் சொல்லித் தந்தார். விடுமுறை நாட்களில் ஊர் ஊராகச் சென்று நிதி திரட்டினார். ஆனந்திபாயின் தங்கை பார்வதிபாய் ஆதவளேயும் இளம் வயதில் கணவரை இழந்தவர். அவர் இங்கே கல்வி பெற்று, பின்னர் இல்லத்திற்காகவே தம் வாழ்வை அர்ப்பணித்தார். அடைக்கலம் தேடி வந்தவர் பிறருக்கு அடைக்கலம் அளிப்பவராக உயர்ந்தார்.

பலன் கருதாத தொண்டர்களை உருவாக்க 1908-இல் நிஷ்காம கர்ம மடத்தை நிறுவினார். 1916-இல் பெண்களுக்கென்றே ஒரு பல்கலைக்கழகம் கண்டார். எழுபது வயதைக் கடந்த பின்னரும் கிராமக் குழந்தைகளின் தொடக்கக் கல்விக்காக நன்கொடை திரட்டினார். 1958-இல், அவரது நூறாவது வயதில், நாடு பாரத ரத்னா விருது அளித்துப் போற்றியது. 1962 நவம்பர் 9-ஆம் நாள் மறைந்தார்.

அன்று குடிசை இருந்த பகுதி இன்று கார்வேநகர் எனப்படுகிறது. அங்கே பெண்களுக்கான கல்வி நிலையங்கள் பல இயங்கி வருகின்றன. சேவைக்குப் பெருஞ்செல்வம் முதற்தேவை அல்ல. துன்புறும் ஓர் உயிரைத் தன்னுயிராக எண்ணும் நெஞ்சமும், நாள்தோறும் அதற்காக நடக்கத் தயங்காத கால்களும் இருந்தால் போதும். மற்றவை தாமே வந்து சேரும் என்பதற்கு மகரிஷி கார்வேயின் வாழ்வே சான்று.