இரயில் கதை எழுதிய அம்மையார்

ஆங்கில நாட்டில் சிறுவர்க்கென நாவல் எழுதிப் பெயர் பெற்றோர் பலர். அவருள் ஈடித் நெஸ்பிட் அம்மையாரை இரயில்வே ஊழியராகிய நாம் சற்று உரிமையோடு நினைப்பதற்குக் காரணம் உண்டு. 1906-ஆம் ஆண்டில் நூலாக வெளிவந்த ‘தி ரயில்வே சில்ட்ரன்’ என்னும் அவரது நாவலில் ஸ்டேஷன் மாஸ்டரும் போர்ட்டரும் மட்டுமல்லர். நிலக்கரிக் குவியலும் சுரங்க வழியும் கூடக் கதாபாத்திரங்களாக விளங்குகின்றன. அந்நூலைப் பள்ளிப் பருவத்தில் படித்தோர் நம் சங்கத்திலும் இருப்பர். ஆயினும், அதனை எழுதிய கை எத்தகைய நெருக்கடியில் எழுதியது என்பதை அறிந்தோர் சிலரே. அதனை இம்மலரின் வாயிலாக அன்பர்களுக்கு எடுத்துரைக்க விழைகின்றோம்.

அம்மையார் 1858-ஆம் ஆண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள், பின்னாளில் நம் நாட்டிற்குத் திருநாளாக அமைந்த அதே தேதியில், இலண்டன் மாநகரின் கென்னிங்டன் பகுதியில் பிறந்தார். தந்தையார் ஜான் காலிஸ் நெஸ்பிட் வேளாண் இரசாயனத்தில் வல்லவர். அங்கே வேளாண் கல்லூரி ஒன்றை நடத்தி வந்தவர். மகளுக்கு நான்கு வயது நிரம்புமுன், 1862-இல் அவர் காலமானார். தமக்கை மேரியைக் காசநோய் பற்றிற்று. நல்ல காற்றை நாடித் தாயார் பிள்ளைகளுடன் பிரான்சு முதலிய நாடுகளில் ஊர் ஊராக அலைந்தார். பெட்டியும் படுக்கையுமாய் வாழும் அவ்வாழ்க்கையின் அல்லல், மாற்றல் உத்தரவு கண்டு குடும்பத்தைப் பெயர்த்துச் செல்லும் நம்மனோர்க்கு விளக்க வேண்டுவதன்று. 1871-இல் மேரியும் மறைந்தார். பின்னர்க் கென்ட் மாவட்டத்து ஹால்ஸ்டெட் என்னும் சிற்றூரில் குடும்பம் சில ஆண்டுகள் நிலைத்து வாழ்ந்தது. அவ்வூருக்கு அருகே இருப்புப்பாதை உண்டு. தமையன்மாருடன் அதன் ஓரமாய்த் திரிந்த நினைவு, முப்பது ஆண்டுகள் கழித்துப் பயன்பட்டது.

1880-இல் ஹியூபர்ட் பிளாண்ட் என்பவரை மணந்தார். மணமான சிறிது காலத்திலேயே கணவரைப் பெரியம்மை பீடித்தது. அவர் நடத்திய வாணிகமும் அந்நேரத்தில் நொடித்துப் போயிற்று. கூட்டாளி பணத்தோடு மறைந்தார் என்பது வரலாறு. கைக்குழந்தையும் நோயாளிக் கணவருமாய் நின்ற இருபத்திரண்டு வயதுப் பெண், வாழ்த்து அட்டைகளுக்குப் படந் தீட்டினார். அவற்றிற்கு ஏற்ற பாடலும் புனைந்தார். சிறு கதைகளை எடுத்துக்கொண்டு பத்திரிகை அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினார். ஒன்று ஏற்கப்பட்டால் அன்று அடுப்பெரியும். திரும்பி வந்தால் வேறோர் உறையிலிட்டு வேறோர் ஆசிரியருக்கு அனுப்பவேண்டும். எழுத்தால் வாழ்வோரின் இன்ப துன்பம் பெரும்பாலும் தபால்காரன் கையில் உள்ளது என்பதை அந்நாளில் அவர் நன்கு கற்றார்.

கணவரும் மனைவியும் 1884-இல் இலண்டனில் தோன்றிய ஃபேபியன் சங்கத்தின் தொடக்க கால உறுப்பினர். பெர்னார்டு ஷா அவர்கள் நண்பர். பின்னாளில் நம் அடையாற்றைத் தம் இருப்பிடமாக்கிக் கொண்ட அன்னி பெசன்ட் அம்மையாரும் அச்சங்கத்தில் சிலகாலம் இருந்தவரே. சங்கத்தின்பால் கொண்ட பற்றினால் தம் மகனுக்கே ஃபேபியன் என்று பெயரிட்டனர். இல்லறத்தில் அம்மையாருக்கு நேர்ந்த மனத்துயரும் சிறிதன்று. அதே இல்லத்தில் உடன் வாழ்ந்த தோழியிடம் கணவர் பெற்ற இரு மக்களையும் தம் மக்களாகவே வளர்த்தார். குடும்பத்தார் ஒருங்கிருந்து படிக்கும் இம்மலரில் இதனை மேலும் விரித்தல் வேண்டா. ஆனால் அத்தனை வாய்க்கும் உணவளித்ததில் அம்மையாரின் பேனாவுக்குப் பெரும்பங்கு உண்டு என்பதை மட்டும் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது.

அவர் உள்ளம் விரும்பியது கவிதையை. 1886-இல் முதல் கவிதைத் தொகுதி வெளிவந்தது. தம்மைக் கவிஞர் என்றே உலகம் போற்ற வேண்டும் என்பது அவர் ஆசை. கதைகளெல்லாம் வாடகைக்கும் பலசரக்குக் கடைக்கும் என்றே அவர் கருதினார். ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் அவர் எழுதிக் குவித்தவற்றுள் பேய்க் கதைகள் சில தவிர, பிறவற்றை இன்று தேடுவார் அரியர். தம் பெயரை ஈ. நெஸ்பிட் என முதலெழுத்தோடு மட்டும் இட்டுவந்தமையால், வாசகர் பலர் அவரை ஆடவர் என்றே எண்ணினர்.

நாற்பது வயதை எட்டியபோதுதான் திருப்பம் வந்தது. தம் இளமை நினைவுகளைப் பத்திரிகைக்கு எழுதிய பழக்கத்தில், தாயை இழந்த ஆறு பிள்ளைகள் நொடித்த குடும்பத்தின் செல்வத்தை மீட்கப் புதையல் தேடும் கதையைப் புனைந்தார். ‘தி ஸ்டோரி ஆஃப் தி ட்ரெஷர் சீக்கர்ஸ்’ என்னும் அந்நூல் 1899-இல் வெளிவந்தது. அதற்கு முன் சிறுவர் நூல்களில் வந்த பிள்ளைகள் பெரும்பாலும் நற்குணத்தின் பொம்மைகள். இவர் படைத்த பிள்ளைகளோ சண்டையிடுவர்; பெரியோரை எடைபோடுவர்; கையில் காசில்லை என்பதை வெளிப்படையாகப் பேசுவர். நம் கருத்தில், பணமின்மையை இத்துணை இயல்பாகச் சிறுவர் கதைக்குள் கொணர்ந்தவர் அவருக்குமுன் அரிது. பட்டறிந்தவர் அல்லரோ!

அவ்வாண்டே எல்தம் என்னுமிடத்தில் ‘வெல் ஹால்’ எனும் பெரிய பழைய வாடகை வீட்டிற்குக் குடிபெயர்ந்தனர். அகழி சூழ்ந்த வீடு. விருந்தினர் கூட்டம் ஓயாது. ஓராண்டு கழிந்தது. 1900-ஆம் ஆண்டு அக்டோபரில், பதினைந்து வயது ஃபேபியனுக்கு வீட்டிலேயே ஒரு சிறு அறுவைச் சிகிச்சை நடந்தது. அதன்பின் பிள்ளை கண் விழிக்கவில்லை. தாயின் துயரத்தை நாம் வருணிக்கத் துணியோம். எனினும், பத்திரிகைக்கு ஒப்புக்கொண்ட கதை காத்திருக்குமே! 1901-இல் ‘தி உட்பிகுட்ஸ்’ வெளிவந்தது. சிரிப்பூட்டும் குறும்புகள் நிறைந்த நூல் அது. அதன் முதற் பக்கத்தில் காணிக்கைக்குரியவராய் நிற்பது ஃபேபியனின் பெயர்.

அதன்பின் ‘ஸ்ட்ராண்ட்’ பத்திரிகையில் தொடர்கதைகள் வரிசையாய் வந்தன. மணலில் வாழும் விந்தைப் பிராணி பிள்ளைகளின் விருப்பங்களை நிறைவேற்றும் ‘ஃபைவ் சில்ட்ரன் அண்ட் இட்’ 1902-இலும், பறவையும் கம்பளமும் வரும் கதை 1904-இலும் நூலாயின. தொடர்கதையின் இயல்பு வாசகரில் சிலருக்குத் தெரிந்திருக்கும். மாதந்தோறும் குறித்த நாளில் அத்தியாயம் போய்ச் சேரவேண்டும். எழுதுபவருக்குக் காய்ச்சலாயினும் வீட்டில் விருந்தாயினும் அச்சகம் கேட்பதில்லை. அம்மையாரோ கடைசி நாள்வரை தள்ளிப்போடும் இயல்பினர். படம் வரையும் மில்லர் என்பார் கதைக்காகத் தவித்ததும் உண்டு. அந்நிலையிலும் 1905-இல் அவர் இரு தொடர்களை ஒரே காலத்தில் நடத்தினார்: ‘ஸ்ட்ராண்ட்’ இதழில் பண்டை எகிப்துக்கும் பாபிலோனுக்கும் பிள்ளைகளைக் கொண்டுசெல்லும் தாயத்துக் கதை, ‘லண்டன் மேகசின்’ இதழில் நம் இரயில் கதை.

இரயில் கதையில் தந்தை பொய்க் குற்றச்சாட்டின்பேரில் சிறை செல்கிறார். தாய் மூன்று பிள்ளைகளுடன் நாட்டுப்புற வீட்டில் குடியேறி, குளிர்ந்த அறையில் அமர்ந்து கதை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்புகிறாள். நீண்ட உறைகள் போகின்றன. நீண்ட உறைகள் திரும்பி வருகின்றன. ஓர் ஆசிரியர் கதையை ஏற்றுக்கொண்டால் அன்று மாலைத் தேநீருக்குப் பன் உண்டு. கதை விலைபோயிற்று என்பதைப் பிள்ளைகள் அந்தப் பன்னைக் கொண்டே அறிவர். இந்தச் சிறு செய்தியை நாம் பலமுறை எண்ணிப் பார்த்ததுண்டு. இருபதாண்டு காலத் தம் வாழ்க்கை முழுவதையும் அம்மையார் ஒரு பன்னில் அடக்கிவிட்டார். அழவுமில்லை; புலம்பவுமில்லை.

வறுமையில் மானம் என்னவாகும் என்பதையும் அவர் அறிந்திருந்தார். போர்ட்டர் பெர்க்ஸின் பிறந்தநாளுக்குப் பிள்ளைகள் ஊராரிடம் பரிசுப் பொருள் திரட்டிச் செல்கின்றனர். அதனைப் பிச்சை என்றெண்ணி அவர் கொதித்தெழுகிறார். மதிப்பினால் தந்தது என உணர்ந்த பின்னரே ஏற்கிறார். நான்காம் நிலை ஊழியர் ஒருவரை இத்துணைப் பெருமிதத்தோடு படைத்த நூலை வேறெங்கும் நாம் கண்டதில்லை. மண்சரிவு கண்ட பிள்ளைகள் சிவப்புப் பாவாடைகளைக் கிழித்துக் கொடியாக்கி வண்டியை நிறுத்தும் கட்டமோ உலகப் புகழ் பெற்றது. கம்பெனியார் அதற்குக் கடிகாரம் பரிசளிக்கின்றனர். நம் பகுதியில் எனின் பொது மேலாளர் விருது கிட்டியிருக்கும். நிலையத்து நிலக்கரியை எடுத்த பீட்டரை ஸ்டேஷன் மாஸ்டர் மன்னித்து விடுவதைப் பற்றி மட்டும், சரக்குக் கணக்கு எழுதும் நாம் கருத்துக் கூறாதிருப்பதே நன்று. இரயில் நுணுக்கம் தமக்குத் தெரியாது. மூத்த மகன் பாலின் அறிவே துணை என்று காணிக்கையுரையில் அம்மையார் வெளிப்படையாகவே கூறியுள்ளார்.

புகழ் வந்தது, சேமிப்பு வரவில்லை. வந்த பணம் விருந்திலும் பெருங்குடும்பத்திலும் கரைந்தது. கணவருக்குக் கண்பார்வை மங்கிற்று. 1914-இல் அவர் காலமானார். அவ்வாண்டே உலகப்போர் மூண்டது. மாயக் கதைகளைக் கேட்பாரும் குறைந்தனர். 1915-இல் அரசு ஆண்டுக்கு 60 பவுன் உபகாரச் சம்பளம் வழங்கிற்று. அது போதாமையால் அம்மையார் தோட்டத்துப் பூவையும் காய்கறியையும் விற்றார். வெல் ஹாலில் வாடகைக்கு ஆள் வைத்துக்கொண்டார். உலகறிந்த எழுத்தாளர் பூக்கட்டு விற்பதைத் தாழ்வாகக் கருதியதாகத் தெரியவில்லை. வாழ்த்து அட்டை விற்ற நாளிலேயே அந்தக் கூச்சம் போயிருக்கும்.

1917-இல் தாமஸ் டக்கர் என்பவரை மணந்தார். வூல்விச் படகுத்துறையில் கப்பல் எஞ்சினீயராய் இருந்தவர்; பெரும் படிப்பாளி அல்லர். கவலையின்றி ஒருவர் தம்மைப் பார்த்துக்கொள்ளும் நிலை அம்மையாருக்கு அப்போதுதான் வாய்த்தது என்பர். பின்னர் இருவரும் பெரிய வீட்டை விட்டுக் கென்ட் கடற்கரைச் சதுப்பு நிலத்தில், போர்க் காலத்துக் கொட்டகைகள் இரண்டை வீடாக்கிக் கொண்டனர். ஒன்றுக்கு ‘லாங் போட்’ என்றும், மற்றொன்றுக்கு ‘ஜாலி போட்’ என்றும் பெயர் சூட்டினர். அவருடைய தாயத்துக் கதையைச் சிறுவயதில் விரும்பிப் படித்த சி. எஸ். லூயிஸ், பின்னாளில் நார்னியாக் கதைகளை எழுதினார். ஆசைப்பட்ட கவிதைப் புகழ் மட்டும் வந்து சேரவில்லை.

1924-ஆம் ஆண்டு மே 4-ஆம் நாள், நெடுநாள் நோய்க்குப் பின் அம்மையார் மறைந்தார். செயின்ட் மேரி இன் தி மார்ஷ் என்னும் சிற்றூர்த் தேவாலயத்து வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். கல்லறை மீது பளிங்கு இல்லை. இரண்டு மரக் கம்பங்கள், இடையே ஒரு குறுக்குச் சட்டம். அதனைத் தம் கையாலேயே செய்து நட்டவர் எஞ்சினீயர் டக்கர்.