குழந்தைகளின் உயிர்காத்த எமில் வொன் பேரிங்

2021 ஆம் ஆண்டு கோவிட் பெருந்தொற்றின்போது, பிள்ளைகளுக்கு ஊசி போடுவிப்பதா வேண்டாமா என்று நம் பாடசாலைப் பெற்றோர் பலர் ஆசிரியர்களாகிய எங்களிடமும் வினவினர். நாங்கள் வைத்தியர்கள் அல்லர். யேர்மனியின் தடுப்பூசி நிபுணர் குழுவே அவ்வாண்டு யூன் மாதத்தில் வேறு நோயுள்ள சிறுவர்க்கு மட்டும் என்றும், ஆகஸ்ட் மாதத்தில் 12 முதல் 17 வயது வரையான அனைவர்க்கும் என்றும் பரிந்துரைத்தது. ஆகவே பெற்றோரின் தயக்கத்தைக் குற்றமெனக் கொள்ள முடியாது. அம்மருந்து உற்பத்தியான இடங்களுள் ஒன்று மார்பூர்க் நகரம். அங்குள்ள மருந்துற்பத்தி வளாகம், எமில் வொன் பேரிங் 1904 இல் நிறுவிய நிலையத்தின் வழிவந்தது.

பேரிங் 1854 ஆம் ஆண்டு மார்ச் 15 ஆம் நாள் மேற்குப் பிரசியாவின் ஹான்ஸ்டோர்வ் என்னும் சிற்றூரில் பிறந்தார். இன்று அவ்வூர் போலந்து நாட்டில் உள்ளது. தந்தையார் பாடசாலை ஆசிரியர். வீட்டிலே பிள்ளைகள் பதின்மூவர். ஓர் ஆசிரியரின் வருவாய் அத்தனை வயிறுகளுக்கு எவ்வாறு போதும் என்பதை யான் விளக்க வேண்டியதில்லை. பல்கலைக்கழகம் செல்ல வசதியின்றி, 1874 இல் பேர்லின் இராணுவ மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தார். கல்விக்கு ஈடாகப் பல்லாண்டு படையிலே வைத்தியராகப் பணிபுரிய வேண்டும் என்பது நிபந்தனை. 1889 இல் றொபேட் கொக் என்னும் பேரறிஞரின் ஆய்வுகூடத்தை அடைந்தார்.

அக்காலத்தில் தொண்டை அடைப்பான் நோய் யேர்மனியில் ஆண்டுதோறும் பல்லாயிரம் குழந்தைகளைக் கொன்றது. தொண்டையிலே சாம்பல்நிறச் சவ்வு படர்ந்து மூச்சை அடைக்கும். கிருமி உமிழும் நஞ்சு இதயத்தையும் தாக்கும். ஒரே வீட்டில் ஒரே கிழமையில் இரண்டு, மூன்று பிள்ளைகளை இழந்த தாய்மார் இருந்தனர்.

பேரிங்கும் அவருடைய யப்பானிய நண்பர் கித்தாசாத்தோவும் 1890 ஆம் ஆண்டு டிசம்பரில் ஓர் உண்மையை வெளியிட்டனர். நஞ்சைச் சிறிது சிறிதாக விலங்குக்கு ஏற்றினால், அதன் குருதியில் அந்நஞ்சை முறிக்கும் பொருள் தோன்றுகிறது. அக்குருதியின் தெளிநீரை, அதாவது சீரத்தை, வேறோர் உயிருக்கு ஏற்றினால் அதுவும் காக்கப்படுகிறது. சீரத்தின் வலுவை அளந்து ஒழுங்குபடுத்தியவர் போல் ஏர்லிக். பிற்காலத்தில் இவ்விரு அறிஞரும் பிணங்கியது வருந்தத்தக்கது. 1894 இல் பிராங்பேர்ட் அருகிலுள்ள ஹோக்ஸ்ற் தொழிற்சாலையில் சீரம் உற்பத்தி தொடங்கியது. அதே ஆண்டு பரிஸ் நகரில் ரூ என்பவர் குதிரைச் சீரத்தைக் குழந்தைகளுக்கு ஏற்றியபோது, முன்னர் ஏறக்குறையப் பாதிப்பேர் இறந்த மருத்துவமனையில் நால்வருள் ஒருவரே இறந்தார்.

ஆயினும் எல்லோரும் மகிழவில்லை. 1896 இல் பேர்லினில் ஒரு வீட்டுப் பணிப்பெண்ணுக்கு இந்நோய் கண்டது. அவ்வீட்டுச் சிறுகுழந்தைக்கு முற்காப்பாகச் சீரம் ஏற்றினர். நோயேதுமற்ற அக்குழந்தை சற்று நேரத்தில் இறந்தது. தந்தையோ எழுத்தறிவற்றவர் அல்லர், நோய்க்கூற்றியல் பேராசிரியர். சீரமே தம் பிள்ளையைக் கொன்றது என்று மரண அறிவித்தலிலேயே எழுதினார். செய்தி நாடெங்கும் பரவப் பெற்றோர் நடுங்கினர். காரணம் பற்றி வைத்தியர்கள் நெடுநாள் வாதிட்டனர். குதிரைச் சீரம் சிலருக்குக் காய்ச்சலும் தடிப்பும் தரும் என்பதை வியன்னா வைத்தியர் பிர்க்கேயும் ஷிக்கும் 1905 இல் விரித்துரைத்தனர். ஆகவே பெற்றோரின் அச்சம் வெறும் பேதைமை அன்று. மூச்சுத் திணறும் பிள்ளைக்கு ஊசி போடுவதில் எவருக்கும் இரு மனம் இல்லை. முற்றத்தில் ஓடி விளையாடும் பிள்ளையைப் பிடித்துக் கை நீட்டச் சொல்வதே கடினம்.

1901 இல் மருத்துவத்துக்கான முதலாவது நோபல் பரிசு பேரிங்குக்கு வழங்கப்பட்டது. காசநோய்க்கு மருந்து காண அவர் பட்டபாடு பலிக்கவில்லை. 1907 முதல் ஏறத்தாழ மூன்றாண்டுகள் மனச்சோர்வால் மருத்துவ நிலையத்தில் தங்கினார். வென்ற கதையை மட்டும் பிள்ளைகளுக்குச் சொல்லி இதனை மறைத்தல் முறையன்று.

சீரத்தின் காப்பு சில கிழமைகளே நிற்கும். உடல் தானே காப்பை உண்டாக்க வேண்டுமெனக் கருதி, நஞ்சும் நச்சுமுறியும் கலந்த தடுப்பு மருந்தை 1913 இல் அறிமுகப்படுத்தினார். மறு ஆண்டு உலகப்போர் மூண்டது. அவரது ஏற்புவலிச் சீரம் காயமுற்ற போர்வீரர் பல்லாயிரவரைக் காத்தது. 1917 மார்ச் 31 ஆம் நாள் மார்பூர்க்கில் மறைந்தார். அவரின் பின், 1920 களில், பிரான்சு நாட்டு ரமோன் நஞ்சின் கொடுமையை நீக்கிப் பாதுகாப்பான தடுப்பூசியாக்கினார்.

அவ்வூசியைக் கைவிட்டால் நேர்வதையும் நம் தலைமுறை கண்டது. 1990 களில் முன்னாள் சோவியத் நாடுகளில் தடுப்பூசி தளர்ந்தபோது நோய் மீண்டெழுந்து, ஒன்றரை இலட்சம் பேருக்கு மேல் பீடித்து, ஏறத்தாழ ஐயாயிரம் பேரைக் கொன்றது. யேர்மனியில் 2020 மார்ச் முதல் பாடசாலைப் பிள்ளைகளுக்குச் சின்னமுத்துத் தடுப்பூசி மட்டுமே சட்டப்படி கட்டாயம். தொண்டை அடைப்பானுக்குரிய ஊசி இன்றும் பெற்றோரின் விருப்பத்துக்கே விடப்பட்டுள்ளது. மாணவச் செல்வங்களே, வீட்டிலுள்ள உங்கள் மஞ்சள் நிறத் தடுப்பூசிப் புத்தகத்தை அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள். டிப்தேரி, தெத்தானுஸ் என்னும் இரு சொற்களுக்கும் நேரே, நீங்கள் தவழ்ந்த காலத்து நாள் ஒன்று குறிக்கப்பட்டிருக்கும்.