திருவிதாங்கூர் புறக்கணித்த வைத்தியர்: டாக்டர் பல்பு

திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, விதுரா ஆகிய ஊர்களைக் கடந்து மலையேறும் பாதை போனக்காட்டில் முடிவடைகின்றது. அதற்கப்பால் அகத்தியர்கூடம் செல்வோர் கால்நடையாகவே செல்லுதல் வேண்டும். நம் முன்னோர் பொதியில் என்று போற்றிய மலை இதுவே. அகத்தியர் தமிழ் கேட்டது அவலோகிதரிடத்தே என்று வீரசோழியம் இயற்றிய புத்தமித்திரனார் கூறுவதை நம் வாசகர்கள் நன்கறிவர். ஆகையால் போனக்காடு நமக்கு முற்றிலும் அயலான இடமன்று. வெள்ளையர் காட்டை அழித்துத் தேயிலை பயிரிட்ட தோட்டம் அங்குள்ளது. அத்தோட்டத்து லயங்களில் குடியிருந்து கொழுந்து பறித்தோரில் பெரும்பாலோர் தமிழ் மக்கள்.

மலைச்சரிவில் கூடை சுமக்க வந்தவனிடம் தோட்டத்துரை சாதியையும் மதத்தையும் பெரிதாகக் கேட்டதில்லை. கை வேண்டியிருந்தது, எடுத்துக்கொண்டான். ஆனால் அம்மலையின் அடியிலிருந்த தலைநகரில், அதே சமஸ்தானத்தின் கச்சேரிகளில், பேனா பிடிக்க விரும்பியவனுடைய விண்ணப்பத்தைப் படிக்குமுன்னரே அவன் பிறப்பைக் கேட்டனர். உழைப்பின் கீழ்ப்படியில் எவர்க்கும் இடமுண்டு, மேற்படியில் சிலர்க்கே இடமுண்டு என்னும் இம்முறையை எழுத்தாலும் எண்ணிக்கையாலும் எதிர்த்து நின்றவர் டாக்டர் பத்மநாபன் பல்பு. அவரது வரலாற்றை ஈண்டு நாம் கூறப் புகுகின்றோம்.

பல்பு 1863ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் திருவனந்தபுரத்தைச் சேர்ந்த பேட்டையில் ஓர் ஈழவர் குடும்பத்தில் பிறந்தார். (பஞ்சமர் உரிமைக்காகப் பின்னாளில் வில்வண்டியேறிய அய்யன்காளி, தலைநகருக்கு அண்மையிலுள்ள வெங்ஙானூரில் பிறந்ததும் அதே ஆண்டில்தான்.) ஈழவர் கள்ளிறக்குதல், கயிறு திரித்தல், உழவு, நெசவு முதலிய தொழில்களைச் செய்துவந்தனர். அவர்களுள் வடமொழி கற்ற வைத்தியக் குடும்பங்களும் பல உண்டு. தாங்கள் ஈழத்திலிருந்து வந்தோர் என்றும், முன்னாளில் பௌத்தராயிருந்தோர் என்றும் அவர்களிடையே ஒரு வழக்கும் இருந்து வருகின்றது. எவ்வாறாயினும், பல்பு பிறந்த காலத்தில் ஈழவர் கோயிலினுள் செல்லுதல் ஆகாது. கோயிலைச் சுற்றிய தெருக்களில் நடத்தலும் ஆகாது. அரசாங்கப் பள்ளிகள் பலவற்றில் அவர்கள் பிள்ளைகளுக்கு இடமில்லை. அரசாங்க உத்தியோகம் என்பது கனவிலும் இல்லை.

அவருடைய தமையனார் வேலாயுதன் சென்னையில் கற்றுப் பட்டம் பெற்றவர். சொந்த நாட்டில் அவருக்கு வேலை கிடைக்கவில்லை. சென்னை அரசாங்கமோ அவரை ஏற்று உயர்ந்த பதவியில் அமர்த்திப் பின் ராவ் பகதூர் பட்டமும் அளித்தது. தம்பிக்கும் இதே கதி நேர்ந்தது. திருவிதாங்கூர் அரசு நடத்திய வைத்தியப் படிப்பிற்கான தேர்வில் பல்பு தேறினார். தேறியும் சேர்க்கப்படவில்லை. வைத்தியமே குலத்தொழிலாகப் பலர் கொண்ட ஒரு சமூகத்தின் மகனுக்கு வைத்தியக் கல்வியின் கதவு அடைக்கப்பட்டதை எண்ணுந்தோறும் நமக்கு வியப்பே மேலிடுகின்றது. ஈழவ வைத்தியன் வீட்டிலிருந்து கொடுத்த கஷாயத்தை மேற்சாதியார் பருகத் தயங்கியதில்லை. அவன் ஆஸ்பத்திரியில் நாற்காலியில் அமர்ந்து மருந்து கொடுப்பதுதான் ஆகாதாம்.

பல்பு சென்னைக்குச் சென்று வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து எல்.எம்.எஸ். பட்டம் பெற்றார். பட்டத்துடன் திருவிதாங்கூருக்கு மீண்டும் விண்ணப்பித்தார். மீண்டும் மறுப்பே கிடைத்தது. அதன்பின் மைசூர் சமஸ்தானத்து வைத்தியப் பணியில் அமர்ந்து பெங்களூரில் அம்மைப்பால் தயாரிக்கும் நிலையத்தில் வேலை பார்த்தார். 1898ஆம் ஆண்டு பெங்களூரில் பிளேக் நோய் புகுந்தபோது, ஊரைவிட்டு ஓடியவர் பலராயிருக்க, பல்பு நோயாளர் முகாமின் பொறுப்பேற்று அங்கேயே நின்றார். (அதே 1898ஆம் ஆண்டில் சென்னையில் அயோத்திதாச பண்டிதர் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தோற்றுவித்தார்.) பிறகு ஐரோப்பா சென்று, கேம்பிரிட்ஜில் பொதுச் சுகாதாரத்திற்குரிய பட்டயமும் பெற்றுத் திரும்பினார். இத்தகைய ஒருவரைத் திருவிதாங்கூர் இழந்தது, மைசூர் பெற்றது. மைசூர் தங்கத்தட்டில் வைத்துத் தாங்கிற்று என்று நாம் சொல்லவில்லை. ஆனால் கற்ற கல்விக்குரிய வேலையை அது தந்தது.

தாம் நல்ல நிலையடைந்தபின் பிறந்த நாட்டை மறந்திருப்பினும் அவரைக் குறைகூறுவார் இல்லை. அவர் மறக்கவில்லை. 1891ஆம் ஆண்டு ஜனவரியில் 10,028 பேர் கையொப்பமிட்ட ஒரு விண்ணப்பம் மகாராஜா ஸ்ரீமூலம் திருநாளிடம் சேர்ப்பிக்கப்பட்டது. மலையாளி மெமோரியல் என்று வழங்கும் அவ்விண்ணப்பத்தில் மூன்றாவதாகக் கையொப்பமிட்டவர் பல்பு. வெளிநாட்டுப் பிராமணர்களே உயர்ந்த உத்தியோகங்களையெல்லாம் அனுபவிப்பதாகவும், நாட்டினர்க்கு நாட்டின் வேலைகளைத் தரவேண்டும் என்றும் அதில் முறையிடப்பட்டது. அங்கே வெளிநாட்டினர் எனப்பட்டோருள் முதன்மையானவர் தமிழ்ப் பிராமணர். இதைக் கேட்டுத் தமிழராகிய நாம் மனம் வருந்தவேண்டியதில்லை. அவ்வுத்தியோகங்களில் போனக்காட்டுக் கூலித்தமிழனுக்கு ஒரு காலணாப் பங்கும் இருந்ததில்லை.

திவான் ராமராவ் காலத்தில் அதற்கு வந்த விடை கவனிக்கத்தக்கது. ஈழவர் பெரும்பாலும் கல்வியில்லாதவர். தத்தம் தொழில்களோடு மன நிறைவாயிருப்பவர். ஆகவே அவர்களுக்கு உத்தியோகம் பற்றிய கவலை வேண்டியதில்லை என்பது அவ்விடையின் கருத்து. பள்ளியை மூடிவைத்துவிட்டுக் கல்வியில்லை என்பதும், வேறு தொழிலுக்கு வழியை அடைத்துவிட்டு உள்ள தொழிலில் நிறைவு என்பதும் ஆட்சியாளருக்கே உரிய தருக்கம்! வைத்தியப் பட்டம் பெற்று வெளியூரில் வேலை பார்க்கும் ஈழவர் ஒருவரே அவ்விண்ணப்பத்தில் கையொப்பமிட்டிருந்ததை விடையெழுதியவர் பார்த்தாரோ, பார்த்தும் பாராதிருந்தாரோ.

மலையாளி மெமோரியலின் பயனாக நாயர் சமூகத்தார்க்குச் சில வாயில்கள் திறந்தன, ஈழவர்க்குத் திறக்கவில்லை. பொது விண்ணப்பத்தில் கூட்டாகக் கையொப்பமிடுவோர் அனைவரும் பயனிலும் கூட்டாக மாட்டார் என்பதைப் பல்பு அன்று கற்றார். 1895ஆம் ஆண்டில் திவான் சங்கரசுப்பையருக்குத் தாமே ஒரு மனு அனுப்பினார். பின்னர்த் தம் கைப்பொருளைச் செலவிட்டு, ஊர்தோறும் ஆளனுப்பி, 13,176 ஈழவர்களின் கையொப்பங்களைத் திரட்டினார். 1896ஆம் ஆண்டு செப்டம்பர் 3ஆம் நாள் அது மகாராஜாவிடம் சேர்ப்பிக்கப்பட்டது. இதுவே ஈழவ மெமோரியல்.

இவ்விண்ணப்பத்தின் வாதத்தை நாம் சற்று நின்று நோக்குதல் வேண்டும். பல்புவின் பெருமை இதிலேதான் விளங்குகின்றது. ஈழவர் தம் மதத்தை விட்டுக் கிறிஸ்து மதத்திற்குச் சென்றால் அவர்க்குப் பள்ளி திறக்கின்றது, தெரு திறக்கின்றது, அரசாங்க வேலைகளிலும் சில திறக்கின்றன. அதே குடும்பத்தில் மதம் மாறாத உடன்பிறந்தானுக்கு ஒன்றும் இல்லை. இருவருக்கும் ஒரே தாய், ஒரே கல்வி, ஒரே திறமை. ஆகவே மதம் மாறினோர்க்குள்ள உரிமைகளை மாறாதோர்க்கும் தருக என்று அது கேட்டது. மேலும், எல்லைக்கப்பால் ஆங்கிலேயர் ஆண்ட மலபாரில் அதே சமூகத்தாராகிய தீயர் உயர்ந்த பதவிகளில் இருப்பதை எடுத்துக்காட்டி, எல்லைக் கல்லைத் தாண்டினால் மட்டும் தகுதி எவ்வாறு மறைகின்றது என்று வினவியது. உணர்ச்சிச் சொற்களைக் குறைத்து, ஒப்பிட்டுக் காட்டும் முறையை அவர் கையாண்டார். வைத்தியர் அல்லவா! நோயின் குறிகளை வரிசையாக எழுதிவைத்தார்.

அரசு அசையவில்லை. பாரிஸ்டர் ஜி. பரமேசுவரன் பிள்ளை இங்கிலாந்து சென்றபோது அவர் வாயிலாகப் பாராளுமன்றத்திலும் இதுபற்றிக் கேள்வி எழும்படி பல்பு செய்தார். 1900ஆம் ஆண்டில் வைசிராய் கர்சன் பிரபுவுக்கும் ஒரு விண்ணப்பம் சென்றது. மனுக்களால் மட்டும் ஒன்றும் ஆகாது, மக்கள் ஒன்றுசேர வேண்டும் என்ற முடிவுக்கு வந்து, ஸ்ரீ நாராயண குருவின் பெயரைத் தலையிற்கொண்டு 1903ஆம் ஆண்டு தோன்றிய தர்ம பரிபாலன யோகத்திற்குத் துணைநின்றார். 1905ஆம் ஆண்டு கொல்லத்தில் நடந்த யோகத்தின் ஆண்டு விழாவுடன் கைத்தொழிற் கண்காட்சி ஒன்று நடைபெற்றதற்கும் அவரே முன்னின்றார். உத்தியோகம் ஒன்றே வாழ்வு என்று அவர் எண்ணவில்லை என்பதற்கு இது சான்று. தம் பெங்களூர் இல்லத்தில் குமாரன் ஆசானைத் தங்கவைத்துப் படிக்கச் செய்து, பின் கல்கத்தாவிற்கும் அனுப்பினார். அந்த ஆசானே பின்னாளில் சண்டாளபிக்ஷுகி (1922), கருணா (1923) என்னும் பௌத்தக் கதைகளை மலையாளத்தில் பாடினார். பல்புவின் மகன் நடராஜன் குருவின் சீடராகி நடராஜ குரு எனப் பெயர் பெற்றார்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். பல்பு கேட்டது முதன்மையாகத் தம் சமூகத்திற்கே. அதனினும் கீழே வைக்கப்பட்ட புலையர், பறையர் முதலியோருக்கு அவர் மனுவில் இடம் சிறிது. அவர்களுக்காக அய்யன்காளி 1907ஆம் ஆண்டு சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவி, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்கும்வரை வயலில் இறங்குவதில்லை என்று உழவுத் தொழிலாளரை நிறுத்திவைத்தார். கற்றவனின் ஆயுதம் மனு, கற்காதவனின் ஆயுதம் வேலைநிறுத்தம் என அந்நாட்டில் இரண்டும் ஒரே தலைமுறையில் தோன்றின. இரண்டில் எது விரைவில் பயன்தந்தது என்று எம்மைக் கேட்டால், அய்யன்காளியினுடையதையே சுட்டுவோம்.

பல்பு விதைத்ததன் விளைவு அவர் பணியிலிருந்து ஓய்வுபெற்ற 1920ஆம் ஆண்டையொட்டிய காலத்திலேதான் வெளிப்பட்டது. திருவிதாங்கூரில் 1811ஆம் ஆண்டு கர்னல் மன்றோ கோயிற் சொத்துக்களை அரசின்கீழ்க் கொணர்ந்தது முதல் தேவஸ்வமும் நிலவரி இலாகாவும் ஒன்றாயிருந்தன. நிலவரி அதிகாரி கோயிலையும் கவனிக்கவேண்டும். கோயிலினுள் செல்லலாகாதவன் அவ்வதிகாரியாக முடியாது. இந்த ஒரு சாக்கைக் கொண்டு ஈழவர், கிறிஸ்தவர், முஸ்லிம்கள் ஆகிய யாவரும் அப்பெரிய இலாகாவிலிருந்து விலக்கப்பட்டனர். மதத்தைக் காட்டி வேலை மறுப்பதற்கு இதனினும் நயமான உபாயம் நாம் கேள்விப்பட்டதில்லை. மூன்று சமூகத்தாரும் கூடிக் கிளர்ந்ததன்பேரில் 1922ஆம் ஆண்டு தேவஸ்வம் தனி இலாகாவாகப் பிரிக்கப்பட்டது. பின்னர் 1930களில் அதே மூன்று சமூகத்தாரும் நிவர்த்தனப் போராட்டம் நடத்த, சி. கேசவன் 1935ஆம் ஆண்டு சிறைப்பட, அவ்வாண்டிலேயே உத்தியோக நியமனங்களை மேற்பார்க்கத் தனி அதிகாரி ஒருவர் ஏற்பட்டார்.

இதனிடையே ஈழவர் மதம் மாறுவதா வேண்டாவா என்ற விவாதம் எழுந்தது. கோழிக்கோட்டில் மிதவாதி இதழை நடத்திய சி. கிருஷ்ணன் பௌத்தம் தழுவி, தம் மக்களையும் அழைத்தார். ஆசானோ மதமாற்றத்தை மறுத்து எழுதினார். பல்பு பௌத்தராகவில்லை. அதற்காக நாம் அவரை அயலாராகக் கருதமாட்டோம். மனிதன் எந்த மதத்தில் நின்றாலும், எதற்கு மாறினாலும், வேலைக்குரிய தகுதி அதனால் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை என்பதே அவருடைய மனுவின் உட்பொருள். மாறியவர்களாகிய நமக்கும் அது பொருந்தும்.

டாக்டர் பல்பு 1950ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் காலமானார். மறுநாள் இந்தியக் குடியரசின் அரசியல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. பாபாசாகேப் அம்பேத்கரின் தலைமையில் வரையப்பட்ட அச்சட்டத்தின் 16ஆம் விதி, அரசுப் பணியில் மதம், சாதி, பிறப்பிடம் முதலியவை காரணமாக எவருக்கும் பாகுபாடு காட்டலாகாது என்று விதித்தது. 13,176 பேர் 54 ஆண்டுகளுக்கு முன் கேட்டது அதுவே. ஆனால் அவ்விதி அரசுப் பணிக்கே உரியது. தனியார் தோட்டத்தையும் தொழிற்சாலையையும் அது எட்டவில்லை. தோட்டத் தொழிலாளருக்கு வீடு, வைத்தியம் முதலியவற்றை விதித்த சட்டம் 1951ஆம் ஆண்டில் வந்தது. அச்சட்டம் ஏட்டில் இருக்கவே, இந்நூற்றாண்டில் போனக்காட்டுத் தோட்டம் நலிந்து ஆலை மூடப்பட, முதிய தொழிலாளர் கூலி பாக்கிக்கும் பணிக்கொடைக்கும் காத்துக்கிடந்தனர்.

நம்மவர்க்கு நேர்ந்ததோ வேறு. அதே 1950ஆம் ஆண்டில் குடியரசுத் தலைவர் பிறப்பித்த அட்டவணைச் சாதியார் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவரை அட்டவணைச் சாதியாராகக் கொள்ளலாகாது என்றது. 1956ஆம் ஆண்டு அது திருத்தப்பட்டுச் சீக்கியர் சேர்க்கப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபர் 14ஆம் நாள் நாகபுரியில் பாபாசாகேப்புடன் தம்மம் தழுவிய இலட்சக்கணக்கானோர் அதனுள் வரவில்லை. திருவிதாங்கூரில் மதம் மாறினால் வேலை கிடைத்தது. குடியரசில் பௌத்தராக மாறினால் ஒதுக்கீட்டு வேலை பறிபோயிற்று. உண்மையை விண்ணப்பத்தில் எழுதியவன் இடத்தை இழந்தான். மறைத்து எழுதியவன் தம்மத்தை மறைத்தான். நம் பெரியோரில் பலர் இவ்விரண்டிற்குமிடையே பட்ட துன்பம் கொஞ்சமன்று. 34 ஆண்டுகளுக்குப் பின், 1990ஆம் ஆண்டில் பாராளுமன்றம் அப்பத்தியைத் திருத்திப் பௌத்தரையும் சேர்த்தது. கிறிஸ்தவராகவும் முஸ்லிம்களாகவும் மாறிய தாழ்த்தப்பட்டோர் இன்றும் அதற்கு வெளியிலேயே நிற்கின்றனர்.